ஹஸ்கியா, லேப்ரடாரா, சிப்பிப்பாறையா? உங்க வீட்டுக்கு எந்த நாய் செட் ஆகும்?

நாய் வளர்க்கலாம்னு வீட்டில் முடிவாகிவிட்டால் அடுத்து தொடங்கும் பஞ்சாயத்து, 'எந்த நாய்?' என்பதுதான். மகனுக்கு ரீல்ஸில் பார்த்த ஹஸ்கி வேணும். அப்பாவுக்கு வீட்டைக் காவல் காக்கிற மாதிரி ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். அம்மாவின் கேள்வி மட்டும் வேற: "காலையில அதை யாரு வெளிய கூட்டிட்டுப் போறது?"

தேர்வு தொடங்க வேண்டிய இடம் அம்மா கேட்ட கேள்விதான். லேப்ரடார் மாதிரி பெரிய நாய்கள் பொதுவாக 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். சின்ன நாய்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வரைகூட இருக்கும். 6-ம் வகுப்புப் பையன் அடம்பிடித்து வாங்கும் குட்டி, அவன் வேலைக்குப் போய் வேறு ஊரில் செட்டில் ஆன பிறகும் உங்க வீட்டில்தான் இருக்கும். அதனால் போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணும் முன், சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கலாம்.

அந்த நாய் எந்த வேலைக்காக உருவானது?

இன்று நாம் பார்க்கும் நாய் இனங்களில் பலவும் ஏதோ ஒரு வேலைக்காக மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. அந்த வேலை இப்போது இல்லை. ஆனால் அதற்கான குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பீகிளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்ட மோப்ப நாய் இது. பின்னால் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதன் ஊளைச் சத்தம் அவ்வளவு தூரம் போகும். அதைக் கொண்டுவந்து 2 பெட்ரூம் பிளாட்டில் காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை தனியாகப் பூட்டினால் என்ன ஆகும்? ஊளைதான். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் புகார்தான். தப்பு பீகிள் மேல் இல்லை.

டாஷ்ஹண்ட், பொந்துக்குள் புகுந்து விலங்குகளை விரட்ட உருவான குட்டைக்கால் நாய். தோட்டத்தில் விட்டால் மண்ணைத் தோண்டிப் போடும். முதுகு நீளம் என்பதால் முதுகெலும்புத் தட்டு விலகும் பிரச்னை இந்த இனத்தில் அதிகம். மாடிப்படி ஏறி இறங்க வேண்டிய வீட்டுக்கு இது நல்ல தேர்வு இல்லை. ஜெர்மன் ஷெப்பர்ட், பெயரிலேயே இருப்பதுபோல ஆட்டு மந்தை மேய்த்த நாய். மூளைக்கும் காலுக்கும் தினமும் வேலை கொடுத்தால் தங்கம். கட்டியே போட்டால் எரிச்சல் பிடித்த நாயாக மாறிவிடும்.

நம்ம ஊரில் அதிகம் பேர் கேட்கும் லேப்ரடாரின் முன்னோர்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு உதவியாக இருந்தவை. பிறகு பிரிட்டனில், சுட்டு வீழ்த்திய பறவையைச் சேதமில்லாமல் கவ்விக்கொண்டு வரும் வேலைக்குப் பழக்கினார்கள். வீட்டில் செருப்பு, ரிமோட், துவைத்த துணி என எதையாவது வாயில் வைத்துக்கொண்டே திரிவதற்குக் காரணம் புரிகிறதா? சாதுவான குணம், குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், எல்லாம் சரி. ஆனால் பசி! லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, உணவு ஆர்வத்தைத் தூண்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 'பாவம், பசியோட பார்க்குது' என்று தாத்தா ஒரு இட்லி, பாட்டி ஒரு பிஸ்கட், பேத்தி ஒரு துண்டு சப்பாத்தி கொடுத்தால், 3 வயதில் நடக்கவே மூச்சு வாங்கும். எடை ஏறினால் அந்த இனத்தில் ஏற்கெனவே இருக்கும் இடுப்பு மூட்டுப் பிரச்னையும் கூடும். தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கட்டுப்படுத்த முடியாத கூட்டுக் குடும்பத்தில் லேப்ரடார் வளர்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

மே மாத வெயிலை யோசிச்சுப் பாருங்க

நமக்கு வியர்ப்பது மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதுதான் அது உடல் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதனால் இரைப்பதுகூட முழுசாகப் பலன் தராது.

இந்த ஊருக்குத்தான் சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த ஹஸ்கியைக் கொண்டு வருகிறோம். இரண்டு அடுக்கு ரோமம், நாள் முழுக்க ஓடும் தெம்பு. பகல் பூராவும் ஏசி போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கரண்ட் பில்லை விடுங்கள், ஓடுவதற்காகவே பிறந்த நாய் ஒரு அறைக்குள் என்ன செய்யும்? சோபாவைக் கிழிக்கும். வெயிலுக்கு இதமாக இருக்கும்னு மொட்டை அடிப்பதும் தவறு. அந்த ரோமம் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது.

பக் கதை இன்னும் பரிதாபம். 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய அந்த நாயை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சப்பை மூக்குதான் அதற்குப் பிரச்னையே. மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால் சாதாரண நாய் அளவுக்கு இரைத்துச் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. தூங்கும்போது அது குறட்டை விடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். பல நேரங்களில் அது மூச்சுக்குத் திணறும் சத்தம்.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இதைத்தான் சொன்னது. நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று அதில் பட்டியல் இருந்தது. சைபீரியன் ஹஸ்கி, பக், சௌ சௌ, பிரெஞ்ச் புல்டாக், செயின்ட் பெர்னார்ட் எல்லாம் அதில் அடக்கம்.

ஏற்கெனவே இவற்றை வளர்ப்பவர்கள் பதற வேண்டாம். வாக்கிங்கைச் சூரியன் உதிக்கும் முன்னும் இருட்டிய பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

பிளாட்டில் வளர்க்க முடியுமா?

முடியும். இடத்தைவிட நேரம்தான் முக்கியம். அரை ஏக்கர் தோட்டத்தில் சங்கிலியில் கிடக்கும் நாயைவிட, தினமும் இரண்டு வேளை நடக்கும் பிளாட் நாய் நிம்மதியாக இருக்கும். நாய் வளர்க்கவே கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அதேநேரம், நாய் அசிங்கம் பண்ணினால் சுத்தம் செய்வது உங்க பொறுப்பு. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். 'அப்புறம் சமாளிச்சுக்கலாம்' என்று வாங்கிய எத்தனையோ நாய்கள் வீடு மாறும்போது தெருவுக்கு வந்திருக்கின்றன.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடா? 2 மாதக் குட்டி வேண்டாம். அதை 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிப் போக வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வைக்க வேண்டும். குணம் நிலைத்துவிட்ட, 2 வயதைத் தாண்டிய நாயைத் தத்தெடுப்பது இருவருக்கும் நல்லது.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் 30 கிலோ நாய் ஆபத்து. பூனையைப் பார்த்து ஒரு இழு இழுத்தால் போதும், இடுப்பு எலும்பு முறிந்துவிடும். அவர்களுக்கு ஷி சூ மாதிரி சின்ன நாய் சரிவரும், ஆனால் தினமும் முடி வாரிவிட வேண்டும். இல்லையென்றால் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வீடுகளில் வருஷக்கணக்காக 'பொமரேனியன்' என்று கூப்பிட்ட வெள்ளை நாய்களில் பலவும் உண்மையில் இந்த ஸ்பிட்ஸ்தான். நம் வெயிலுக்குப் பழகியது. சின்ன சத்தத்துக்கும் குரைக்கும் என்பது மட்டும் குறை (காலிங் பெல் இல்லாத வீட்டுக்கு அது நிறை).

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு 'கடிக்கவே கடிக்காத இனம்' என்று ஒன்று கிடையாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் குழந்தையோடு தனியாக விடாதீர்கள்.

காவலுக்குத்தான் நாய் வேணும் என்றால்?

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், 5 வயது சிறுமியை 2 ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்கு உரிமம் தரக் கூடாது என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியிருந்தது. முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்று கூறி கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ஏப்ரலிலேயே ரத்து செய்தன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். முரட்டு இன நாயைக் கையாள அனுபவமும், வலுவும், உயரமான காம்பவுண்டும் தேவை. முதல் நாயாக இதை வாங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க முடியாது.

திருடனைத் தடுக்கப் பெரும்பாலும் குரைப்பே போதும். அதை ஒரு சாதாரண நாட்டு நாய் பிரமாதமாகச் செய்யும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை

2020 ஆகஸ்ட் 'மனதின் குரல்' உரையில் இந்த நான்கு தமிழ்நாட்டு இனங்களையும் பிரதமர் மோடி குறிப்பிட்டார். ராஜபாளையத்துக்கு அஞ்சல் துறை 2005-லேயே தபால்தலை வெளியிட்டுவிட்டது. குட்டையான ரோமம், குறைந்த பராமரிப்பு, நம் வெயிலைத் தாங்கும் உடம்பு. இதெல்லாம் உண்மை. ஆனால் 'நம்ம ஊர் நாய், எந்த வீட்டுக்கும் செட் ஆகும்' என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைப் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். தென் மாவட்டக் கரிசல் காட்டில் முயலை விரட்டியவை. 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைப் பார்த்தவர்களுக்கு வேட்டை நாயின் உலகம் கொஞ்சம் புரிந்திருக்கும். இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆனால் ஓடும் ஆசை நாயை விட்டுப் போகவில்லை. பெல்ட்டில் பிடித்து 20 நிமிடம் தெருவைச் சுற்றினால் இதற்குப் போதாது. வேலி போட்ட காலி இடத்தில் அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும். பக்கத்து வீட்டில் கோழியோ பூனையோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆச்சரியப்படும் அளவுக்கு அமைதி. ஓடவிட இடம் இருக்கும் சின்ன ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல நாய் கிடைப்பது கஷ்டம்.

ராஜபாளையம் உயரமான நாய், 65 முதல் 75 செ.மீ. வரை வளரும். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. வீட்டு ஆட்களிடம் உயிராக இருக்கும், வெளி ஆட்களை எளிதில் சேர்க்காது. தினமும் பத்து பேர் வந்துபோகும் வீட்டில் இது திணறும். குட்டியில் இருந்தே மனிதர்கள், வண்டிச் சத்தம் எல்லாம் பழக்க வேண்டும். வெள்ளை நிறத்தோடு தொடர்புள்ள காது கேளாமை இந்த இனத்தில் உண்டு. குட்டி பார்க்கப் போகும்போது அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தேனி மாவட்டக் கோம்பையின் பெயரையே தாங்கிய செம்பழுப்பு நிற கோம்பை, தோட்டம், தோப்பு காவலுக்குக் கெட்டிக்காரன். பிளாட்டுக்கு வேண்டாம்.

தெருவில் பிறந்த குட்டியைத் தத்தெடுக்கலாமா?

தாராளமாக. குறிப்பிட்ட தோற்றத்துக்காக நெருங்கிய ரத்த உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்படாததால், பரம்பரை நோய்கள் இவற்றில் குறைவு. மிச்சம் வைத்த மோர் சாதத்தைச் சாப்பிட்டு வளர்ந்த பரம்பரை, நம் வெயிலும் மழையும் அதற்குப் புதுசு இல்லை. சென்னையில் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தத்தெடுக்க முடியும். குட்டி வளர்ந்தபின் எவ்வளவு பெரிசாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, அது ஒன்றுதான்.

விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால்

2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சீக்கிரம் தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதே தெரியாமல் போய்விடும். அதைக் கற்றுக்கொடுப்பது கூடப் பிறந்த குட்டிகள்தான். 'கென்னல் கிளப் சர்ட்டிபிகேட் இருக்கு' என்பார்கள். அது வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தை அல்ல.

குட்டியின் விலையைவிட அடுத்து வரும் செலவுதான் பெரிசு. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள், 3 மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும் பூஸ்டர், உண்ணிக்கு மருந்து, குடற்புழு மாத்திரை, கருத்தடை ஆபரேஷன். வெளியூர் போனால் விட்டுச்செல்லும் போர்டிங் செலவு தனி. சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், ரேபிஸ் ஊசி போட்ட சான்று இல்லாமல் அது கிடைக்காது. குறிப்பிட்ட சில இனங்களுக்குக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது மாறுவதால், வாங்கும் முன் உங்க ஊர் மாநகராட்சியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குட்டி பிறந்த இடத்துக்கே நேரில் போங்கள், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் பயந்து ஒதுங்கினாலோ பாய்ந்தாலோ குட்டியிடமும் அந்தக் குணம் வர வாய்ப்பு அதிகம். தாயைக் காட்டாமல், 'பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, குட்டியைக் கொண்டுவந்து தர்றேன், ஜிபே பண்ணிடுங்க' என்று சொல்பவரிடம் அட்வான்ஸ்கூட கொடுக்காதீர்கள்.