எலும்பும் தசையும்: பீங்கானுக்குள் இரு சொற்கள்

சீனப் பீங்கானை ஐரோப்பா நெடுங்காலம் விலைகொடுத்து வாங்கியது. அது எதனால் ஆனது என்பதை மட்டும் அறியாதிருந்தது. ஜிங்டெஜென் நகரச் சூளைகளின் செய்முறையை விரிவாக எழுதியனுப்பியவர் பிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல் என்னும் இயேசு சபைத் துறவி. 1712, 1722 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய இரு மடல்களுக்கு, அங்குப் பணியாற்றிய கிறித்தவத் தொழிலாளர்கள் கூறிய செய்திகளும் ஆதாரம்.

அம்மடல்கள் இரு சொற்களை ஐரோப்பாவில் பரப்பின. ஒன்று கயோலின், 'உயர்ந்த முகடு' எனப் பொருள்படும் காவ்லிங் என்ற இடப்பெயரின் திரிபு. மற்றொன்று பெதுன்ஸே, 'வெள்ளைச் சிறு கட்டிகள்' என்பது பொருள். பாறையை இடித்து, நீரில் கலக்கித் தெளியவைத்து, கட்டிகளாக்கி விற்றதால் வந்த பெயர். ஒரு பெயர் இடத்தைச் சொல்கிறது, மற்றது வடிவத்தை. பொருளின் இயல்பை இரண்டுமே சொல்லவில்லை.

அதைச் சொன்னது ஓர் உவமை. ஐரோப்பியர் சிலர் பெதுன்ஸேவை மட்டும் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று தோற்றனராம். எலும்பில்லாமல் தசையால் மட்டும் உடல் செய்ய முயன்றார்கள் என்று சீன வணிகர் ஒருவர் நகைத்ததைத் தாந்த்ரகோல் பதிவுசெய்கிறார்.

அறிவியல் இவ்வுவமைக்கு அரண் செய்கிறது. கயோலின் சூளை வெப்பத்தில் உருகாது. கலத்தின் வடிவைத் தாங்கும் எலும்பு அது. பெதுன்ஸேயில் குவார்ட்ஸுடன் மைக்காவும் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு. ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழ 1,150 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கி, கண்ணாடியாகித் துகள்களின் இடைவெளிகளை நிரப்பும். நீர் ஊறாத உறுதியும் ஒளி கசியும் மென்மையும் பீங்கானுக்கு இவ்வாறே வாய்க்கின்றன. பிளிமத் நகர மருந்து வணிகர் வில்லியம் குக்வொர்தி இவ்விரு பொருள்களுக்கும் இணையானவற்றைக் கார்ன்வாலில் கண்டறிந்து, 1768இல் காப்புரிமை பெற்றார். பிற்கால ஐரோப்பியக் கலவையில் கயோலின் ஏறத்தாழப் பாதி. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கால் பங்கு வீதம்.

இன்னொரு வியப்பும் உண்டு. கயோலின் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் நெடுங்காலம் சிதைந்து உருவானதே. எலும்புக்கும் தசைக்கும் தாய் ஒன்றுதான்.

நம் மொழிகளும் இக்கல்லைச் சுட்டவில்லை. இந்தி 'சீனி மிட்டி', அதாவது சீன மண், என்கிறது. தமிழின் 'பீங்கான்', கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே குர்ஜா போன்ற ஊர்களில் சூளைத் தொழிலாளரின் சொற்களைத் தொகுப்போர் பொருட்பெயர்களோடு நின்றுவிடலாகாது. அப்பொருள் என்ன செய்கிறது என்று அவர்கள் விளக்கும் வாக்கியங்களையும் உவமைகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் மட்டும் கிடைத்தவர்களின் நிலை, கட்டிகளை மட்டும் வாங்கிச் சென்ற அந்த வணிகர்களின் நிலையே.