விளம்பரத் துண்டும் பயோடேட்டாவும்

திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். புதன்கிழமை ‘தி இந்து’வின் வேலைவாய்ப்பு இணைப்பு வரும். அன்று மாலையே பையன்கள் கத்தரித்த விளம்பரத்தோடு வந்துவிடுவார்கள். துண்டு இல்லாமல் வந்தால் மெஷினில் தாள் ஏற்றமாட்டேன். விளம்பரம் ‘பேங்க் ரீகன்சிலியேஷன்’ கேட்டால், பொத்தாம்பொதுவாகக் ‘கணக்கு வேலை’ என்று அடிக்காமல் அதே சொல்லைப் போடுவேன். செய்யாத வேலையைச் சேர்க்கச் சொன்னால், “தம்பி, இன்டர்வியூவுக்கு நானா வந்து பதில் சொல்வேன்?” என்று கேட்பேன்.

தட்டச்சில் ஒரு வரியைக் கூட்டினாலும் பக்கம் முழுக்க மறுபடி அடிக்க வேண்டும், கூலியும் கூடும். அதனால் பலர் பயோடேட்டாவை ஒருமுறை அடித்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு, மேலே வைக்கும் கடிதத்தை மட்டும் கம்பெனிக்குத் தக்கபடி மாற்றினார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் ஃப்ளாப்பியில் ஒரு மூலப்பிரதி இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் அதைத் திருத்துவது சுலபமானது.

1997-ல் நௌக்ரி டாட் காம் என்ற வேலைவாய்ப்பு இணையதளம் வந்தது. ஆள் எடுப்பவர்கள் சொல்லைக் கொடுத்துத் தேடத் தொடங்கினார்கள். அவர்கள் ‘டேலி’ என்று தேட, நாம் ‘கணக்கு மென்பொருள்’ என்று எழுதியிருந்தால் நம் பெயர் கண்ணிலேயே படாது.

கேட்பவருக்கு வேண்டியதை முன்னால் வைக்கும் வித்தை என்னவோ பழசுதான். 1480-களில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்க லியொனார்டோ டா வின்சி தயாரித்த கடிதத்தில் பாலம், பீரங்கி, மூடிய போர்வண்டி எல்லாம் முன்னால் நிற்கும், ஓவியம் கடைசியில்தான். என் கடைக்கு வந்திருந்தால் நானும் அந்த வரிசையில்தான் அடித்துக் கொடுத்திருப்பேன்.