கல் இல்லாத காட்டில் கிடந்த கல்

தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டில் கல் கிடையாது. குதிரைமொழித் தேரியில் பகல் முழுக்க அலைந்தாலும் ஆட்டை விரட்ட ஒரு கல் அகப்படாது. எங்கள் பெரியப்பா காய்ந்த பனங்கொட்டையைத்தான் எறிவார். அதனால், ஆடிக்காற்று மேல்மணலை வாரிக்கொண்டு போன பள்ளத்தில் வெள்ளைப் படிகக்கல் சில்லு ஒன்று மினுங்கினால், அது யாரோ கையில் கொண்டுவந்தது. காற்று மணலைத்தான் தூக்கும், கல்லைத் தூக்காது.

அந்தச் சில்லுகளில் பிறை வடிவம் ஒன்று உண்டு. நறுக்கிய கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வளைந்த முதுகைக் கொத்தி மழுக்கியிருப்பார்கள், நேர்விளிம்பு மட்டும் இன்றைக்கும் தோலைக் கீறும். மழுங்கிய பக்கம் மரத்துக்குள் போகும். நாலைந்தை வரிசையாகப் பதித்துப் பிசின் வைத்தால் அம்பு, இல்லையென்றால் அறுக்கும் கத்தி. சில கூர்முனைகளை இரு பக்கமும் அழுத்தியழுத்திச் செதில் எடுத்திருக்கிறார்கள். பொறுமைசாலிகள்.

பல்லாவரத்தில் 1863-இல் கைக்கோடரி எடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்பாடு சாயர்புரம் தேரியிலும் இத்தகைய சில்லுகளைச் சேகரித்தார். ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் தேரிகளை ஆராய்ந்து 1956-இல் கட்டுரை எழுதினார்கள். கடல் இப்போதைவிட இருபது, முப்பது அடி உயர்ந்து நின்ற காலத்து மனிதர்கள் இந்தச் சில்லுகளைச் செய்தவர்கள், கி.மு. 4000 வாக்கில் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. பிறகு மணலின் வயதையே அளந்தபோது சில இடங்களில் அது 10,000 ஆண்டைத் தாண்டியது. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் பேசாத ஆளில்லை. அவற்றுக்கும் வெகுகாலம் முந்திய இந்தச் சில்லுகளைப் பற்றி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில்கூட யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

சினிமாக்காரர்களுக்கு இந்தத் தேரிக்காடு பாலைவனம். மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு பூசினாற்போல் ஒட்டியிருப்பதால் வந்த சிவப்பு, படத்தில் எடுப்பாகத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப்புறமே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்காற்றாக வந்து மணலைக் கிளப்புகிறது. ஆனி, ஆடியில் சோற்றில்கூட மணல் கடிபடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்தால் கதை வேறு. பெய்ததெல்லாம் ஓடாமல் மணலுக்குள் இறங்கி, தேரியின் அடிவாரத்தில் ஊற்றாகக் கசியும். இங்கே கோயில்கொண்டிருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் பெயரிலேயே சுனை இருக்கிறது. கல்லைச் சுமந்துகொண்டு வந்தவர்களும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மணலைப் பிடித்து வைத்திருப்பவை பனையும் உடைமரமும். குடை விரித்தாற்போல் நிற்கும் உடையின் நெற்றுக்கு ஆடுகள் அடித்துக்கொள்ளும். பனை கொடுத்த பதனியும் கருப்பட்டியும் இல்லாவிட்டால் எங்கள் உடன்குடிப் பக்கம் குடித்தனமே நடந்திராது. வனத்துறை நட்ட கொல்லாமரங்கள் பின்னால் வந்தவை.

விடிகாலையில் போனால் மணலில் முயல் தடம், கீரித் தடம், சுருட்டை விரியன் பக்கவாட்டில் நெளிந்த வரி எல்லாம் தெரியும். பனங்காடை பட்டுப்போன பனைப்பொந்தில் குஞ்சு பொரிக்கும். அந்தக் கல்முனைகளுக்கு ஏற்ற வேட்டை என்று எனக்குத் தோன்றுவது வெளிமான். தேரியில் அதைப் பார்க்க முடியாது. இந்த மாவட்டத்தில் அது மிஞ்சியிருப்பது வல்லநாட்டுக் குன்றில்தான். 1987-இல் அந்தக் குன்றைச் சரணாலயமாக்கினார்கள்.