பெயர் கேட்கும் பட்டியல்கள்

கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலை முதலில் எழுப்பியவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மகன் அருணாசலம், போட்டிப் பரீட்சை எழுதி 1875இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. தீவு முழுவதற்குமான முதல் மதிப்பீடு நடந்தது 1871 மார்ச் 27இல். அன்று சனத்தொகை 24 இலட்சம். அருணாசலம் எண்ணியபோது அது 35 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அட்டவணைகளோடு தீவின் வரலாற்றையும் சமயங்களையும் மக்களின் வழக்கங்களையும் விரித்தெழுதிய அவருடைய அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது.

அடுத்த மதிப்பீடு, 1911இல், தமிழரை இரண்டாகப் பிரித்தது: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர். கொட்டாஞ்சேனைத் தோட்ட வீடுகளில் பிறந்து துறைமுகத்தில் உழைத்தவர்களையும் அந்தப் பிரிவு தேடிவந்தது. பின்னாளில் இந்தியத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது அந்தப் பிரிவின் கனம் தெரிந்தது.

1981 மார்ச்சில் நாடு முழுவதும் எண்ணப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், வெள்ளவத்தைத் தெருக்களில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடின. வாக்காளர் இடாப்பு வேறு ஆவணம். குடிசன மதிப்பீட்டில் கொடுக்கும் தகவல் புள்ளிவிபரத்துக்கு மட்டுமே, வெளியிட்டால் குற்றம் என்கிறது சட்டம். ஆனால் வீடு எரிந்த குடும்பத்திடம் போய் இந்த வேறுபாட்டை யார் விளக்குவது?

பயம் தணியக் காலமும் விடவில்லை. 1991இல் போரால் மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமைபெற்றது. இடையில் கொழும்புத் தமிழர் கண்டதெல்லாம் பொலிஸ் பதிவுதான்: வீட்டில் யார் யார், எந்த ஊர், ஏன் வந்தீர்கள். 2007 ஜூன் 7இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

31 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல்தான் எல்லா மாவட்டங்களும் ஒன்றாக எண்ணப்பட்டன. 2021இல் வரவேண்டிய அடுத்த மதிப்பீடு பெருந்தொற்றாலும் பொருளாதார நெருக்கடியாலும் 2024க்குத் தள்ளிப்போனது. இம்முறை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கதவைத் தட்டிய உத்தியோகத்தர்களின் கையில் டெப்லெட் இருந்தது. கருவி மாறியது நல்லதுதான். அந்தத் தகவல் பொலிஸுக்குப் போகாது என்பதை வாசலிலேயே தமிழில் சொல்லும் உத்தியோகத்தரும் அதே அளவு தேவை.