கொல்லன் பட்டறையில் கிடக்கும் வரலாறு

புறநானூற்றின் 95ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். இரண்டு படைக்கொட்டில்களைப் பற்றிய பாடல் அது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையுமாக ஒப்பனை செய்யப்பட்டு, நெய் மெருகோடு காவல் மனையில் இருக்கின்றன. ஔவையார் அவற்றைப் புகழ்வது போலவே தொடங்கி, அதியமானின் படைக்கலங்களோ போரில் சிதைந்து கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். எது பெருமை என்பதைக் கேட்போர் உணர்வுக்கே விட்டுவிடுகிறார்.

தொண்டைமானின் நாடு, இன்றைய வடசென்னையையும் உள்ளடக்கிய தொண்டை மண்டலம். நம் வகுப்பிலும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மாணவர்கள் பலர் உண்டு. சென்ற ஆண்டு இப்பாடலை நடத்தும்போது, "படைக்கொட்டிலை யாரேனும் பார்த்ததுண்டா?" என்று கேட்டோம். "எங்க ஏரியாவே அதானே ஐயா" என்றது பின்வரிசைக் குரலொன்று. வகுப்பு சிரித்தது; நாமும் சிரித்துவிட்டோம். சிரிக்காத மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார். "எங்க அம்மா காசிமேட்டுல மீன் வெட்டுறாங்க ஐயா. அவங்க கையிலயும் கத்திதான் இருக்கு. வடசென்னைக் கத்தின்னா சினிமாவுல காட்டுறது மட்டும்தானா?"

அக்கேள்விக்கு வகுப்பறையில் விடையில்லை. விடை தேடி நண்பர்களோடு முதலில் எழும்பூருக்கும், பிறகு காசிமேட்டுக்கும் சென்றோம். இக்கட்டுரை அந்த அலைச்சலின் விளைவு. எண்ணூரை ஒட்டிக் கத்திவாக்கம் என்றே ஓர் ஊர் இருப்பதை நண்பர் ஒருவர் நினைவூட்டினார். ஒலியொப்புமையை வைத்துப் பெயர்க்காரணம் கட்டுவது ஆய்வாகாது என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. இரும்பின் கதைக்குத் தமிழகத்தில் அதைவிடச் சிறந்த தொடக்கமில்லை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த வாள்களும் குறுவாள்களும் வேல்முனைகளும் இங்கே வந்து சேர்ந்தன. துருவேறி, நிலம் தின்றது போக எஞ்சியவை அவை. தமிழக இரும்பின் காலத்தைப் பிந்தைய ஆய்வுகள் மேலும் பின்னுக்குத் தள்ளியிருக்கின்றன. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளைச் சான்றுகளைக் கொண்டு கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்கிறது. அக்காலக் கணிப்புகள் குறித்து அறிஞரிடையே உரையாடல் தொடரும், தொடரவும் வேண்டும். ஆயினும் இம்மண்ணில் இரும்பை உருக்கி அடித்து வடிவாக்கிய கைகள் மிகப் பழையவை என்பதில் ஐயமில்லை.

அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களும் உண்டு. யாளி முகம் கொண்ட பிடிகள், இலைபோல் விரிந்த கட்டாரிகள், பூவேலை செய்த கைக்கவசங்கள் எனத் தென்னிந்தியக் கருமார் கலையின் உச்சம் அவை. அவை எழும்பூருக்கு வந்த கதையைச் சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் எழுதினார். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் அரசு முடிவுக்கு வந்தது. 1860களின் தொடக்கத்தில் அரண்மனைப் படைக்கொட்டில் கலைக்கப்பட்டது. சிறந்தவை எனத் தேர்ந்தவற்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சிய பெருங்குவியலை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சென்னைத் தமிழில் சொன்னால், தஞ்சை மன்னர்களின் படைக்கொட்டில் காயலான் கடைக்குப் போயிற்று.

அக்கட்டாரிகளில் இன்னொரு வியப்பும் உண்டு. அவற்றுள் பலவற்றின் பிடிதான் தஞ்சையில் செய்தது. அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வெளிநாட்டு வாளலகுகள் நம் கடற்கரைகளில் இறங்கின. உள்ளூர்க் கொல்லர்கள் அவற்றை வெட்டிக் குறுக்கிக் கட்டாரிகளில் பொருத்தினார்கள். அரசர்களுக்கு அது பெருமைக்குரிய பொருள். ஆனால் அந்நூற்றாண்டுகளிலேயே இத்தீபகற்பத்தின் உருக்குக் கட்டிகள் மேற்கே பாரசீகம் வரை சென்று உலகின் புகழ்பெற்ற வாள்களாகிக் கொண்டிருந்தன. நம் எஃகு வெளியே போயிற்று. பிறர் அலகு உள்ளே வந்தது.

இந்த உருக்கு எப்படிச் செய்யப்பட்டது? கொடுமணலில் கே. இராசன் குழுவினர் நடத்திய அகழாய்வுகளும், மேல்சிறுவளூரில் 1990களில் சாரதா சீனிவாசன் கண்டறிந்த மூசைச் சில்லுகளும் தமிழகத்து உருக்குத் தொழிலுக்குச் சான்று கூறுகின்றன. செய்முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் பதிவு செய்தார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உலர்ந்த ஆவாரங் கட்டையோடு களிமண் மூசையில் இட்டு, எருக்கு முதலிய இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறும். மூசையை உடைத்தால் உள்ளே ஓர் எஃகுக் கட்டி. வேலியோரத்து ஆவாரையும் எருக்கும், குயவர் மண்ணும், கொல்லர் மூச்சும் சேர்ந்த வேதியியல் அது.

கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றோடு உறவுடைய சொல்லே ஆங்கிலேயர் எழுத்தில் 'ஊட்ஸ்' எனத் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் இதன் மாதிரிகளை இலண்டன் இராயல் கழகத்துக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதுபற்றி ஆய்வுரை வழங்கினார். இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அவ்வெஃகிலிருந்து ஒரு பேனாக்கத்தி அடித்துக் காட்டினார். பின்னர்த் தம் கடையின் விளம்பர அட்டையிலேயே, ஐரோப்பிய எஃகைவிட இந்திய எஃகே தமக்கு உகந்தது என அச்சிட்டார். அவரும் மைக்கேல் பாரடேயும் இணைந்து 1820இல் எஃகுக் கலவை ஆய்வுகளை வெளியிட்டனர். பிற்காலத்தில் மின்னியலின் தந்தையாகப் போற்றப்பட்ட பாரடே, இளமையில் நம் உருக்கின் கமுக்கத்தைத் தேடினார் என்பது மாணவர்களுக்கு நாம் மகிழ்ந்து சொல்லும் செய்தி.

ஹீத்தின் கதை துயரமானது. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிச் சேலத்துக் கனிமத்தை உருக்கி ஷெபீல்டுக்கு அனுப்பினார். பின் இங்கிலாந்து திரும்பி, 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையால் ஷெபீல்டு கத்தித் தொழில் கொழித்தது. அவரோ வழக்குகளில் கைப்பொருள் இழந்து மறைந்தார். அதே ஷெபீல்டில்தான் 1913இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்கா எஃகை உருவாக்கினார். இன்று நம் சமையலறைகளில் உள்ள தொழிற்சாலைக் கத்திகளின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

இதற்கிடையே நம் கொல்லர் என்ன ஆனார்? பாளையக்காரர் போருக்குப் பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதங்களைத் தடை செய்து ஆணையிட்டார். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளடித்த பட்டறை அரிவாளுக்கும் கலப்பைக் கொழுவுக்கும் சுருங்கியது. கப்பலில் வந்த மலிவான ஆலை இரும்பு, மூசை உலைகளை அணைத்தது.

அணைந்த அக்கலைக்கு உலகச் சேகரிப்பாளர்கள் இன்று தரும் மதிப்பு பெரிது. அமெரிக்கரான ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் திரட்டிய தென்னிந்தியக் கட்டாரிகள் 1935இல் அவர் மறைந்தபின் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. புளோரிடாவில் குதிரை லாடம் அடித்துவந்த ஆல்பிரட் பெண்ட்ரே, பேராசிரியர் வெர்ஹோவனோடு சேர்ந்து பல்லாண்டு முயன்று, பழைய உருக்கின் நீரலைக் கோலத்தை மீண்டும் அலகில் வரவழைத்தார். கனிமத்தில் நுண்ணளவே கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே அக்கோலத்தின் காரணம் என 1998இல் அவர்கள் எழுதினார்கள். இன்று தனிக்கைவினைக் கத்தி செய்யும் மேலைநாட்டுக் கொல்லர், அலகில் தம் பெயரைப் பொறிக்கிறார். வாங்குபவர் அப்பெயருக்கே விலை தருகிறார். எழும்பூரில் நாம் பார்த்தவற்றுள் கண்டெடுத்தவர் பெயர் தெரியும். உடைய அரசர் பெயர் தெரியும். அடித்தவர் பெயர் தெரிந்த அலகு ஒன்றையும் நாம் காணவில்லை.

இந்த எண்ணத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டுக்குச் சென்றோம். மாணவரின் தாயார் ஒரு மரக்கட்டையின் முன் அமர்ந்திருந்தார். அருகில் மூன்று கத்திகள். வஞ்சிரத்தைத் துண்டு போடக் கனத்த கத்தி. சங்கராவைக் கீறிக் குடல் எடுக்க மெல்லிய கத்தி. மூன்றாவது, பல்லாண்டு சாணை பிடித்துத் தேய்ந்து விரலகலமே எஞ்சிய பழைய கத்தி. "கடையில விக்கிற பளபளா கத்தி துரு பிடிக்காது சார். ஆனா மொண்ணையானா சீக்கிரம் தீட்ட வராது. இது கல்லுல நாலு இழுப்பு இழுத்தா போதும்" என்றார். கத்தியின் பிடி அவர் கைக்கு அளந்து செய்ததுபோல் இருந்தது. கேட்டால், அளந்து செய்ததேதான்! கொல்லர் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிடி போடுவாராம். சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் 'தனிக்கைவினைக் கத்தி' என்பது இதுவன்றி வேறென்ன?

அவர் சொன்ன வழியில் திருவொற்றியூர்ப் பக்கம் சென்று அப்பட்டறையைக் கண்டோம். தகரக் கூரை, ஒரு கரியுலை, துருத்திக்குப் பதிலாக மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி. மூலையில் லாரிகளின் பழைய ஸ்பிரிங் பட்டைகள் குவிந்து கிடந்தன. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், பின் அசோக் லேலண்டாகி எண்ணூரில் வளர்ந்தது. 1955 முதல் திருவொற்றியூரில் என்பீல்டு வண்டிகள் உருவாயின. இத்தொழிற்பகுதியில் கொல்லருக்கு எஃகு தரும் சுரங்கம் காயலான் கடைதான். ஸ்பிரிங் பட்டையில் கரியின் அளவு நூற்றுக்கு அரையிலிருந்து சற்றே மேல். பழைய உருக்கில் ஒன்றிலிருந்து இரண்டு வரை. பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டை, முறியாத கத்திக்கு ஏற்றது. பெரியவர் அதைச் சிவக்கக் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூடு காட்டினார். தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் ஓடிச் செம்பழுப்பாக மாறிய நொடியில் எடுத்துவிட்டார். "இதுக்கு மேல போனா வாய் மடங்கும், முன்னாடியே எடுத்தா ஒடையும்" என்றார். பாரடே சோதனைக்கூடத்தில் தேடிய கமுக்கத்தின் ஒரு துளி அக்கண்களில் இருக்கிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உலை மூட்டுவது வாரத்தில் இரண்டு நாள்தான்.

தஞ்சைப் படைக்கொட்டிலை உடைத்து விற்றவர்களை நாம் எளிதில் பழிக்கிறோம். நம் கண்முன் தேய்ந்து காயலான் கடைக்குப் போகும் கத்திகளைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தோமா? பீலி சூட்டிய படைக்கலம் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். ஔவையார் உயர்த்திக் காட்டியது உழைத்துச் சிதைந்து கொல்லனிடம் திரும்பிய படைக்கலத்தை. மாணவரின் கேள்விக்கு அப்பாடலிலேயே விடை இருந்திருக்கிறது. பல்லாண்டு நடத்தியும் நாம்தான் பார்க்கவில்லை.

தேய்ந்த அந்த மூன்றாவது கத்தியைத் தாயார் எங்கள் துறைக்குக் கொடுத்தார். அடித்தவர் பெயர் என்னவென்று கேட்டோம். "கத்திக்காரர்னுதான் சார் கூப்பிடுவோம்" என்று திகைத்தவர், மறுநாள் மகனிடம் பெயரை எழுதி அனுப்பினார். இப்போது நூலடுக்கின் மேல்தட்டில் கத்தி இருக்கிறது. அருகில் உள்ள அட்டையில் அடித்தவர் பெயரும், அதைக் கொண்டு இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர் பெயரும் உள்ளன.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டியின் அரிவாள்மனையோ பாக்குவெட்டியோ இருக்கக்கூடும். எந்த ஊர்ப் பட்டறையில், யார் அடித்தது என்பதை அறிந்தவர் இன்னும் வீட்டில் இருந்தால், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.