சீதை வேடம் புனைந்த சிறுவன்: நடிகர் திலகத்தின் இளமையும் திண்டுக்கல்லும்

திரையுலகையும் திண்டுக்கல்லையும் இணைத்துப் பேசுவோர் பெரும்பாலும் 1973ஆம் ஆண்டு மே மாதத்து நாடாளுமன்ற இடைத்தேர்தலையே நினைவுகூர்வர். எம்.ஜி.இராமச்சந்திரன் தொடங்கி ஓராண்டும் நிறையாத கட்சி, இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவரை நிறுத்தி வெற்றி கண்ட தேர்தல் அது. அரசியல் வரலாற்றில் அதற்கு உரிய இடம் உண்டு, மறுப்பாரில்லை. ஆனால், அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே இவ்வூரில் நிகழ்ந்த வேறொன்று நம்மவர் நினைவில் இல்லை. பின்னாளில் நடிகர் திலகம் எனப் போற்றப்பெற்ற சிவாஜி கணேசன், நாடகச் சிறுவனாக முதல் வேடம் தாங்கியது திண்டுக்கல்லில்தான். தாங்கிய வேடமோ சீதை. இதனை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். கட்டபொம்மனாக முழங்கியவரைச் சேலைக் கட்டில் எண்ணிப்பார்க்க அவர்களால் இயலவில்லை.

கணேசன் 1928ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் விழுப்புரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னையா மன்றாயர். தாயார் ராஜாமணி அம்மாள். குடும்பத்தின் வேர் தஞ்சை வட்டாரத்தது. தந்தையார் இரயில்வேயில் பணியாற்றியவர். விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். மகன் பிறந்த வேளையில் தந்தை சிறைப்பட்டார் என்பதும், நான்கு வயது கடந்த பின்னரே மகன் தந்தையின் முகத்தைக் கண்டான் என்பதும், அவர் மறைவுக்குப்பின் 2002இல் நூலாக வெளிவந்த தன்வரலாற்றில் அவரே சொல்லும் செய்திகள். நாட்டுக்காகச் சிறை சென்றவரைப் பற்றி வரலாறு எழுதுவோர், அந்த ஆண்டுகளில் அடுப்பெரித்தவளைப் பற்றி எழுதுவதில்லை. பிள்ளைகளைத் தனித்து நின்று வளர்த்த ராஜாமணி அம்மாளின் உழைப்பை மகனின் சொற்கள் வழியாகவேனும் நாம் அறிய முடிகிறது. பின்னர்க் குடும்பம் திருச்சிச் சங்கிலியாண்டபுரத்திற்குக் குடிபெயர்ந்தது.

சிறுவன் நாடகத்தின்பால் ஈர்க்கப்பட்ட வரலாறு சுவையானது. கம்பளத்தார் கூத்தாக நடந்த கட்டபொம்மன் கதையைச் சிறு வயதில் கண்டார். கூத்தில் வெள்ளையர் படைக்குச் சிறுவர்கள் தேவைப்பட, இவரும் மேடையேறிச் சிப்பாயாக நின்றார். வீடு திரும்பியதும் தந்தையிடம் அடி விழுந்தது. வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்றவரின் மகன் வெள்ளையனுடைய சிப்பாயாக நிற்பதா என்பது அவர் சினம். அன்றே நடிகனாகும் எண்ணம் மனத்தில் ஊன்றியது என்கிறார் கணேசன். கம்பளத்தார் வாழும் சிற்றூர்கள் மலிந்த திண்டுக்கல் சமவெளியினருக்கு இச்செய்தி அயலானதன்று. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799ஐ அடுத்து, 1801இல் நம் விருப்பாச்சிக் கோபால நாயக்கரும் தூக்கிலேறினார். அவருக்கு ஒரு திரைப்படம் வாய்க்காமற் போனது நம் குறை.

வீட்டில் இசைவு கிட்டாது எனக் கண்ட சிறுவன், திருச்சியில் தங்கியிருந்த யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவிடம் சென்று, தனக்குத் தாய் தந்தையர் இல்லை என்று கூறிச் சேர்ந்துவிட்டான். மதுரை ஸ்ரீ பாலகான சபா என்பது அக்குழுவின் பெயர். பக்கத்து வீட்டுத் தோழரான காக்கா ராதாகிருஷ்ணனும் அக்குழுவினரே. பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகளைச் சேர்த்தது வறுமையே என்று பொதுவாக எழுதுவது வழக்கம். தந்தையை இழந்து, பசியால் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.இராமச்சந்திரன் திறத்தில் அது முற்றும் பொருந்தும். கணேசன் திறத்தில் வறுமை மட்டுமே காரணமன்று. பெற்றோர் உயிரோடிருக்க, அவர்களைச் சொல்லால் இல்லாமற் செய்துவிட்டுச் சென்ற விருப்பம் அது.

இக்கம்பெனிகளின் தோற்றம் ஈண்டுக் கருதத்தக்கது. வயது வந்த நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையில் தத்தம் திறமையைக் காட்டிப் போட்டியிட்ட நாளில், கட்டுப்பாடு வேண்டிச் சிறுவர்களைக் கொண்டு குழு அமைக்கும் முறை எழுந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவ்வகையில் புகழ்பெற்றது. உணவும் உறையுளும் கம்பெனியுடையவை; பாட்டும் வசனமும் ஆட்டமும் வாத்தியார் கற்பிப்பார்; தவறினால் பிரம்பு. பெண்கள் இல்லாத குழுவில் குரல் இனியவனும் முகம் அழகியவனும் ஸ்திரீ பார்ட் ஏற்பர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அவ்வேடம் போய்விடும். சிலருக்கு வாழ்வே போய்விடும். புகழடைந்த நால்வரை வைத்து அம்முறையைக் குருகுலம் என்று புகழ்கிறோம். குரல் உடைந்து ஊர் திரும்பிய பிள்ளைகளை எண்ணினால் அப்புகழ்ச்சிக்கு நாவெழுவதில்லை.

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதையில் இடையே அமைந்த திண்டுக்கல், அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு நகரம். புகையிலை வாணிகமும் தோல் பதனிடுதலும் பூட்டுத் தொழிலும் மக்களைக் கூட்டிய ஊர். கொட்டகை போட்டுச் சில காலம் தங்க ஏற்ற ஊர். திருச்சியை விட்டுப் புறப்பட்ட குழு இங்கு முகாமிட்டது. சின்னப் பொன்னுசாமி என்னும் ஆசிரியரிடம் பாடம் கற்ற சிறுவன், இராமாயண நாடகத்தில் சீதையாக மேடையேறினான். பரதன், அழகிய உருக்கொண்ட சூர்ப்பனகை, இந்திரஜித் முதலிய வேடங்கள் பின்னர் வந்தன. கவர்பவளாகிய சூர்ப்பனகையும் கவரப்பட்டவளாகிய சீதையும் ஒரே சிறுவனின் உடலில் மாறி மாறித் தங்கினர். காப்பியத்தை நூலாகப் பயிலும் நம்மைப் போன்றோர்க்கு இத்தகைய பயிற்சி கிட்டுவதில்லை.

அவர் நடிப்பை மிகை என்போர் உண்டு. ஒலிபெருக்கி தயங்கித் தயங்கி நுழைந்த காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கண்ணசைவு எட்ட வேண்டும் என்று பயின்ற உடல் அது என்பதை அவர்கள் கருதுவதில்லை. அவர் நடையிலும் கைவிரல் அசைவிலும் காணும் நளினத்திற்குப் பெண் வேடப் பயிற்சியே முதற்காரணம் என்பது என் கருத்து. இதற்கு வரலாறும் துணை நிற்கிறது. அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்துப் பெரியாரால் ‘சிவாஜி’ எனப் பெயர் பெற்ற பின்னரும், அவருக்குத் திரையின் கதவைத் திறந்தது ஆண் வேடமன்று. சக்தி நாடக சபாவின் ‘நூர்ஜஹான்’ நாடகத்தில் நூர்ஜஹானாக நடித்ததை வேலூர் பி.ஏ.பெருமாள் கண்டார்; ‘பராசக்தி’ வாய்ப்பு வந்தது. 1952 அக்டோபர் 17ஆம் நாள் தீபாவளியன்று அப்படம் வெளியாயிற்று.

வெள்ளைச் சிப்பாயாக நின்று அடிபட்டவர், 1957இல் கட்டபொம்மனை நாடகமாக மேடையேற்றினார். பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் 1959இல் அது படமாக வந்தது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார். தாய் தந்தையர் இல்லை என்று சொல்லிச் சென்ற அதே மகன், உடன்பிறந்தார் குடும்பங்களோடு கூட்டுக்குடும்பமாகவே வாழ்ந்து, 2001 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார். சென்னைத் தியாகராய நகரில் அவர் வாழ்ந்த வீட்டிற்கு இட்ட பெயர் ‘அன்னை இல்லம்’.