தீப்பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடியவை 173 பாசுரங்கள். கணினியில் தட்டச்சு செய்தால் ஒரு மெகாபைட் கூட வராது. அதையே பாட்டாகக் கேட்க வேண்டுமென்றால் இடம் நிறையத் தேவை. குட்டி ஹார்ட் டிஸ்க் பிறந்தது இப்படிப்பட்ட தேவைகளுக்காகத்தான்.

1999-இல் ஐபிஎம் 'மைக்ரோடிரைவ்' கொண்டுவந்தது. ஒரு அங்குலத் தட்டு, 340 மெகாபைட். 2001-இல் தோஷிபாவின் 1.8 அங்குல டிஸ்க், 5 மி.மீ. தடிமனில் 5 ஜிபியுடன் ஐபாடுக்குள் போனது. 2004-இல் வந்த ஐபாட் மினியில் ஒரு அங்குல டிஸ்க், 4 ஜிபி.

ஆனால் சுழலும் தட்டு... கீழே விழுந்தால் ஆபத்து! 2005-இல் ஐபாட் நானோ ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறியது.

மினி வைத்திருந்த பலர் அதைத் தூக்கி எறியவில்லை. மைக்ரோடிரைவுக்கும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுக்கும் இணைப்பு ஒன்றே. டிஸ்க்கைக் கழற்றிக் கார்டைச் செருகி, மென்பொருளை மறுபடி ஏற்றினார்கள். மினி பாடியது!

பழைய கருவிக்குப் புது டிஸ்க் வாங்குபவர் ஜிபியைப் பார்க்குமுன் இணைப்பையும் தடிமனையும் பார்ப்பது நல்லது.